ஒவ்வாமை உள்ள குழந்தையை ஹாலோவீனுக்கு அனுப்பலாமா?

கேள்வி: சென்னையிலிருந்து இந்த வருடம்தான் நியூ ஜெர்சிக்கு வந்தோம். ஆறு வயது மகனுக்கு நிலக்கடலை, முந்திரி, முட்டை மூன்றும் ஒத்துக்கொள்ளாது. முந்திரி சாப்பிட்டு ஒரு தடவை மருத்துவமனை வரை போயிருக்கிறோம். அக்டோபர் 31 அன்று பள்ளியில் வேஷம் போட்டு ஊர்வலம், சாயங்காலம் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவது என்று எல்லாரும் பேசுகிறார்கள். அவனும் டைனோசர் வேஷம் வேண்டும் என்கிறான். அனுப்புவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா?

பதில்:

அனுப்புங்கள். கூடவே நீங்களும் போங்கள். ஒரே ஒரு விதி மட்டும் அசையக் கூடாது: தெருவில் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், தெருவில் எதையும் வாயில் வைக்கக் கூடாது. கீழே நான் எழுதியிருப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுதான். மிச்சம், அது தவறினால் என்ன செய்வது என்பது.

நான் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஒவ்வாமை கிளினிக் ஒன்றில் செவிலியராக நீண்ட காலமாக வேலை பார்க்கிறேன். அக்டோபர் கடைசி வாரத்தில் புதிதாக வந்த இந்தியக் குடும்பங்கள் அதிகம் கேட்பது இந்தக் கேள்விதான். உங்கள் மகனைப் பார்க்கும் மருத்துவர் எழுதிக்கொடுத்த அவசரத் திட்டம் கையில் இருந்தால் அதுதான் முதலில். நான் சொல்வதில் ஏதாவது அதற்கு மாறாக இருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். திட்டமே இல்லை என்றால் ஹாலோவீனுக்கு முன்பே ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். புதிய நோயாளிகளுக்கு நாள் கிடைக்கத் தாமதமாகும். அதுவரை குழந்தை நல மருத்துவரே மருந்துச் சீட்டும் திட்டமும் எழுதித் தரலாம்.

முதலில் அந்தச் சாயங்காலம் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இருட்டும் நேரத்தில் குழந்தைகள் வேஷம் கட்டிக்கொண்டு, வாசல் விளக்கு எரியும் வீடுகளுக்கு மட்டும் போவார்கள். விளக்கு அணைந்திருந்தால் அந்த வீட்டைத் தட்ட மாட்டார்கள். 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்பார்கள், வீட்டுக்காரர் ஒரு கிண்ணத்தை நீட்டுவார், சுண்டுவிரல் அளவு சாக்லேட் ஒன்றோ இரண்டோ பையில் விழும். சில வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள், கிண்ணம் மட்டும் படியில் இருக்கும். ஒரு மணி நேரத்தில் பை கனத்துவிடும். குழந்தை ஓடி ஓடிக் களைத்து, பசியோடு இருக்கும். பக்கத்தில் நடக்கும் நண்பன் ஒன்றைப் பிரித்து மென்றுகொண்டிருப்பான். ஆபத்து இருப்பது இந்த இடத்தில்தான்.

இது வெறும் பயம் இல்லை. கனடாவில் நான்கு மாகாணங்களின் அவசரச் சிகிச்சைப் பதிவுகளைப் பார்த்து 2020-இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் ஒரு ஆய்வு வந்தது. நிலக்கடலையாலும், முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகளாலும் வரும் அனஃபிலாக்சிஸ், அதாவது உடல் முழுவதையும் தாக்கும் கடுமையான ஒவ்வாமை, ஹாலோவீன், ஈஸ்டர் சமயங்களில் தெளிவாகக் கூடுகிறது என்று அதில் கண்டார்கள். கிறிஸ்துமஸையும் தீபாவளியையும்கூட எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் அப்படி ஏறவில்லை. முந்திரியும் பாதாமும் இல்லாத தீபாவளித் தட்டு உண்டா? அப்படியிருந்தும் ஏறவில்லை. காரணம் என்று எனக்குத் தோன்றுவது இதுதான்: தீபாவளிப் பலகாரம் குழந்தையைத் தெரிந்தவர் கையிலிருந்து வருகிறது, அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கிறார்கள். ஹாலோவீன் மிட்டாயைத் தருபவர் அவனைத் தெரியாதவர். உறையைப் படிக்க வெளிச்சமும் கிடையாது. அந்த மிட்டாயை வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்து, விளக்கு வெளிச்சத்தில் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டால் ஆபத்தில் பெரும்பங்கு அங்கேயே கழிந்துவிடும்.

அவன் கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பிடட்டும். இட்லியோ தோசையோ, அவனுக்குப் பிடித்ததைக் கொடுங்கள். பசியோடு இருக்கும் ஆறு வயதுக் குழந்தையிடம் விதி பேசிப் பயனில்லை. உங்கள் சட்டைப்பையில் அவனுக்கு ஆகும் மிட்டாய் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் சாப்பிட ஆரம்பித்தால் அதில் ஒன்றைக் கொடுங்கள். கிண்ணத்தில் கையை விடும்போது நிலக்கடலை சேர்ந்த மிட்டாயைத் தொட்டுவிடுவானே என்று பல அம்மாக்கள் அந்த நேரமே கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அவ்வளவு பயம் வேண்டாம். கடுமையான நிலக்கடலை ஒவ்வாமை உள்ள 30 குழந்தைகளுக்குத் தோலில் நிலக்கடலை வெண்ணெயைத் தடவியும் வாசனையை முகரவைத்தும் 2003-இல் ஒரு ஆய்வு செய்தார்கள். பட்ட இடத்தில் சிலருக்குச் சிவந்தது, அரித்தது. உடல் முழுவதும் பாதிக்கும் எதிர்வினை ஒருவருக்கும் வரவில்லை. உறையின் மேலோ கையிலோ பட்டது வாய்க்குப் போனால்தான் சிக்கல். அதனால் நடுவில் முகத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீடு திரும்பியதும் முதல் வேலையாகச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். சானிடைசர் போதாது. அது கிருமியைக் கொல்லும், நிலக்கடலைப் புரதத்தை அகற்றாது. வெறும் தண்ணீரும் முழுதாக எடுக்காது. சோப்பும் தண்ணீரும், அல்லது ஈரத்துடைப்பான் தாள். வழியில் தேவைப்படும் என்பதால் ஒரு சிறு பாக்கெட் ஈரத்தாள் கையில் இருக்கட்டும்.

இப்போது லேபிள். இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2004-இல் வந்த சட்டப்படி பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டும் பொருளில் இருந்தால் உறையில் எளிய ஆங்கிலத்தில் சொல்லியே ஆக வேண்டும். 2021-இல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் ஒன்பதாவதாகச் சேர்த்தார்கள். தேங்காயை முன்பு மரக்கொட்டைப் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தேங்காய் ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் பொருள் பட்டியலை ஒட்டி வரும் 'கன்டெய்ன்ஸ்' (இதில் உள்ளவை) வரியை மட்டும் நம்பாமல் முழுப் பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும். கனடாவில் கடுகும் கட்டாயப் பட்டியலில் இருக்கிறது, அமெரிக்காவில் இல்லை.

இந்தச் சட்டம் சொல்வது, பொருளில் சேர்த்தவற்றைப் பற்றி மட்டுமே. 'மே கன்டெய்ன்', அதாவது இருக்கக்கூடும் என்று எழுதுவது கம்பெனியின் விருப்பம். எழுதினால் எச்சரிக்கை. எழுதாவிட்டால் அதே இயந்திரத்தில் கடலை ஓடவே இல்லை என்று பொருள் கிடையாது. டார்க் சாக்லேட் இதற்கு நல்ல உதாரணம். பொருள் பட்டியலில் பால் இல்லாத டார்க் சாக்லேட்டுகளை உணவு, மருந்து நிர்வாகம் பரிசோதித்தபோது பாதிக்கு மேல் பால் இருந்தது. உங்கள் மகனுக்குப் பால் பிரச்சினை இல்லை, சரி. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இருக்கலாம்.

அப்புறம் இந்தச் சின்ன சைஸ் சாக்லேட்டுகள். 'ஃபன் சைஸ்' என்று பெரிய பையில் வருவது. முழு விவரம் அந்தப் பெரிய பையின் மேல்தான் இருக்கும். உள்ளே இருக்கும் குட்டி உறையில் பல சமயம் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தப் பெரிய பை மிட்டாய் கொடுத்தவர் வீட்டுக் குப்பையில் கிடக்கும். இதைவிட முக்கியம், பெரிய சைஸுக்குச் சொன்னது சின்ன சைஸுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே பெயர், ஒரே நிறம், ஆனால் வேறு தொழிற்சாலையில் வேறு வரிசையில் செய்திருப்பார்கள். பூசணிக்காய் வடிவம், வௌவால் வடிவம் என்று பண்டிகைக்காகச் செய்பவையும் அப்படித்தான். எங்கள் கிளினிக்கில் நாங்கள் சொல்வது இது: உறையில் படிக்க முடியவில்லை என்றால் அது அவனுக்கு இல்லை. கம்பெனி வலைத்தளத்தில் அதே சைஸைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் அந்த இரவே தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்கள் மகனின் மூன்றையும் வைத்துப் பார்ப்போம். நிலக்கடலை எங்கே இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்: ரீஸஸ், ஸ்னிக்கர்ஸ், பட்டர்ஃபிங்கர், பேடே. முட்டைதான் எதிர்பாராமல் வரும். ஸ்னிக்கர்ஸ், மில்கி வே, த்ரீ மஸ்கட்டியர்ஸ் மூன்றிலும் முட்டை வெள்ளைக்கரு இருக்கிறது. நடுவில் இருக்கும் மென்மையான நூகட்டுக்கு அதுதான் காரணம். 'கடலைதானே இல்லை' என்று மில்கி வேயைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். கடலை இல்லாத சாதாரண எம் அண்ட் எம்ஸ் உறையில்கூட நிலக்கடலை இருக்கக்கூடும் என்று எழுதியிருக்கும். முந்திரியைப் பொறுத்தவரை ஹாலோவீன் மிட்டாயில் அது நேரடியாக வருவது குறைவு. ஆனால் முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலானோருக்குப் பிஸ்தாவும் ஒத்துக்கொள்ளாது, இரண்டின் புரதமும் அவ்வளவு நெருக்கம். இப்போது எல்லா இடத்திலும் விற்கும் துபாய் சாக்லேட்டின் உள்ளே இருப்பது பிஸ்தா விழுது, பல வகைகளில் எள்ளும் சேர்ந்து வரும். பெரிய வகுப்புக் குழந்தைகளின் பையில் அது வர ஆரம்பித்திருக்கிறது. அதன் பச்சை நிறத்தை மகனுக்குக் காட்டி வையுங்கள்.

பொதுவாகச் சிக்கல் குறைவானவை என்று அமெரிக்காவில் பல குடும்பங்கள் நம்பி வாங்குவது டம் டம்ஸ் லாலிபாப், ஸ்கிட்டில்ஸ், ஸ்டார்பர்ஸ்ட், ஸ்மார்ட்டீஸ். இவற்றையும் ஒவ்வொரு வருடமும் உறையைப் படித்துவிட்டே கொடுங்கள், கம்பெனிகள் சொல்லாமல் மாற்றுவது உண்டு. டொரண்டோவில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்காவில் ஸ்மார்ட்டீஸ் என்பது வெறும் சர்க்கரை வில்லை. கனடாவில் அதே வில்லைக்கு ராக்கெட்ஸ் என்று பெயர். கனடாவில் ஸ்மார்ட்டீஸ் என்றால் பால் சேர்ந்த சாக்லேட். எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உறவினர்கள் ஒருவருக்கொருவர் பட்டியல் அனுப்பும்போது இது குழம்புகிறது.

இனி மனதுக்கு நிறைவான ஒன்றைச் சொல்கிறேன். சில வீட்டு வாசலில் ஆரஞ்சு நிறத்துக்குப் பதில் நீலப்பச்சை நிறம் அடித்த பூசணிக்காய் இருக்கும். டீல் பம்ப்கின் என்பார்கள். 2012-இல் டென்னசி மாநிலத்தில் ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய் ஒருவர் தொடங்கியது. 2014-இல் ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு அதை நாடு முழுவதும் கொண்டுபோனது. அந்தப் பூசணிக்காய் இருந்தால், சாப்பிடாத பரிசும் அந்த வீட்டில் உண்டு என்று பொருள்: ஒளிரும் குச்சி, ஸ்டிக்கர், பென்சில், சோப்புக் குமிழி. ஃபேர் வலைத்தளத்தில் வரைபடம் இருக்கிறது, உங்கள் தெருவில் எந்த வீடு என்று பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டையும் சேருங்கள். மிட்டாயும் கொடுங்கள், பொம்மையும் கொடுங்கள், ஆனால் இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பரிசு வாங்கும்போது ஒரு கவனம்: பிளே டோ களிமண்ணில் கோதுமை இருக்கிறது. பலூனில் ரப்பர் பால், அதாவது லேடெக்ஸ். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விழுங்கக்கூடிய சின்னப் பொருள் வேண்டாம்.

அக்கம்பக்கம் இன்னும் பழகவில்லை என்று தயங்காதீர்கள். இரண்டு நாள் முன்னால் நெருங்கிய மூன்று நான்கு வீட்டைத் தட்டி, 'என் மகனுக்கு ஒவ்வாமை இருக்கிறது, இந்தப் பாக்கெட்டை வைத்திருந்து அவன் வந்தால் கொடுக்கிறீர்களா' என்று அவனுக்கு ஆகும் மிட்டாயை ஒரு கவரில் கொடுத்துவிட்டு வாருங்கள். இங்கே யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பலர் சந்தோஷமாகச் செய்கிறார்கள். குழந்தைக்கு, தன் பையில் விழுந்ததில் சிலவாவது தனக்கே தனக்கானது என்று தெரியும். நான் பார்த்தவரை, மிட்டாயின் எண்ணிக்கையைவிட அதுதான் அவர்களுக்குப் பெரிதாக இருக்கிறது.

டைனோசர் வேஷத்துக்கு வருவோம். காற்று நிரப்பி உப்பவைக்கும் டைனோசர் உடை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் உங்கள் மகனுக்கு நான் அதை வாங்க மாட்டேன். கடுமையான ஒவ்வாமை வந்தால் போடும் அவசர ஊசியை (விவரம் கீழே) தொடையின் வெளிப்பக்க நடுவில் போட வேண்டும். சாதாரண பேன்ட்டின் மேலேயே போடலாம், கழற்ற வேண்டியதில்லை. ஆனால் காற்று நிரம்பிய துணி, பஞ்சு வைத்துத் தசை போலத் தைத்த உடை, தடித்த நுரை இவற்றின் மேல் குத்தினால் ஊசி தசைக்குப் போய்ச் சேராது. தொடைப் பகுதி மெல்லிய துணியாக இருக்கும் டைனோசர் உடை ஏராளமாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். வீட்டில் போட்டுப் பார்க்கும்போதே, மருந்தும் ஊசிமுனையும் இல்லாத பயிற்சி ஊசியை வைத்து, தொடையைத் தேடாமல் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் பையில் சாவியோ பொம்மையோ இருக்கக் கூடாது.

முழு முகமூடி வேண்டாம். உதடு வீங்குவதும், கன்னத்தில் தடிப்பு எழுவதும், முகம் வெளுப்பதும் முகமூடிக்குள் நடந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? டைனோசர் தலை தொப்பி மாதிரி நெற்றிக்கு மேலே நிற்கட்டும். முகத்துக்குச் சாயம் பூசுவதாக இருந்தால், இரண்டு மூன்று நாள் முன்னால் கையில் சிறிது தடவி அரிக்கிறதா, சிவக்கிறதா என்று பாருங்கள். அந்த இரவே முதன்முறையாகப் பூசினால், முகம் சிவந்தது சாயத்தாலா சாப்பிட்டதாலா என்று உங்களாலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் சொல்ல முடியாது. ரப்பர் முகமூடி, ரப்பர் கையுறையில் லேடெக்ஸ் இருக்கலாம். மலிவான கிரீடம், வாள், சங்கிலிகளில் நிக்கல் இருக்கலாம். தோல் அரிப்பு உள்ளவர்களுக்கு இரண்டும் தொல்லை.

வீசிங் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத குழந்தைக்கு உணவு ஒவ்வாமை வந்தால் அது கடுமையாகப் போகும் வாய்ப்பு அதிகம். அக்டோபர் இரவின் குளிர்காற்று, பேய் வீடு என்று சில வாசல்களில் விடும் புகை இயந்திரம், காய்ந்த இலைக் குவியலின் பூஞ்சை, போன வருடம் பெட்டியில் மடித்து வைத்த உடையின் தூசு எல்லாம் மூச்சுக்குழாயைத் தூண்டும். பழைய உடையை ஒரு முறை துவைத்துவிடுங்கள். புகை வரும் வாசலைத் தாண்டிப் போய்விடுங்கள். மூச்சு வாங்கும்போது உடனே எடுக்கும் இன்ஹேலரும், அதோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயும் கையோடு வரட்டும்.

அவசர ஊசியைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், இந்தியாவில் இந்தத் தானியங்கி ஊசி எளிதில் கிடைப்பதில்லை என்பதால் புதிதாக வந்தவர்களுக்கு அதில் பழக்கம் இருக்காது. மருந்து எபிநெஃப்ரின். நம் ஊர் மருத்துவமனையில் அட்ரினலின் என்பார்களே, அதுவேதான். 15 முதல் 30 கிலோ வரை 0.15 மில்லிகிராம், 30 கிலோவுக்கு மேல் 0.3 மில்லிகிராம் என்பது உறையில் இருக்கும் அளவு. 25 கிலோ தாண்டினாலே சில மருத்துவர்கள் பெரிய அளவுக்கு மாற்றுவார்கள். ஊசிக்குப் பயப்படுபவர்களுக்கு 2024 ஆகஸ்டில் நெஃபி என்ற மூக்கு ஸ்ப்ரே அனுமதி பெற்றது. 2025 மார்ச்சில் நான்கு வயதுக்கு மேல் 15 கிலோ முதல் உள்ள குழந்தைகளுக்கும் அதில் சிறிய அளவு வந்துவிட்டது. எதுவாக இருந்தாலும் இரண்டு எடுத்துப் போங்கள், ஒன்று போதாமல் போகலாம். காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். காரில் விட்டுவிட்டு நடக்காதீர்கள். குளிர் அதிகமான ஊரில் வெளிப்பையில் தொங்கவிடாமல் கோட்டுக்கு உள்ளே உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், உறைந்துபோன மருந்தை நம்ப முடியாது. அது எப்போதும் அவனோடு நடக்கும் பெரியவர் கையில் இருக்க வேண்டும். அப்பா ஒரு தெருவிலும் மருந்து வேறு தெருவில் அம்மா கைப்பையிலும் இருந்தால் பிரயோஜனமில்லை.

எப்போது போடுவது? சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் மூச்சு வாங்கினாலோ, விடாமல் இருமினாலோ, குரல் கரகரத்தாலோ, நாக்கு வீங்கினாலோ, மயங்கிச் சரிந்தாலோ உடனே போட வேண்டும். தடிப்போடு வாந்தியும் சேர்ந்தால், அதாவது உடம்பின் இரண்டு பகுதிகளில் ஒரே நேரத்தில் அறிகுறி வந்தால், அப்போதும் போட வேண்டும். சின்னக் குழந்தைகள் இதை நம் வார்த்தையில் சொல்ல மாட்டார்கள். 'நாக்கு எரியுது', 'தொண்டையில முடி மாட்டின மாதிரி இருக்கு', 'வாய் என்னமோ பண்ணுது' என்பார்கள். சிலர் எதுவும் சொல்லாமல் திடீரென்று அமைதியாகிவிடுவார்கள். ஓடிக்கொண்டிருந்தவன் உங்கள் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றால் விளக்குக்கு அடியில் கூட்டிப்போய் முகத்தைப் பாருங்கள்.

பெனட்ரில், செட்ரிசின் போன்ற அரிப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தாமதம். அவை அரிப்பைக் குறைக்கும், தொண்டை அடைப்பதையும் ரத்த அழுத்தம் விழுவதையும் நிறுத்தாது. முதலில் எபிநெஃப்ரின். குழந்தையின் காலை நகராமல் உறுதியாகப் பிடித்துக்கொண்டு, வெளித்தொடையில் அழுத்தி, எபிபென் என்றால் மூன்று விநாடி, வேறு பிராண்ட் என்றால் அதில் எழுதியிருக்கும் நேரம் வைத்திருங்கள். பிறகு 911 அவசர எண்ணை அழையுங்கள். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரலாம், வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்புங்கள். ஆனால் எழுப்பி நடத்திக் கார் வரை கூட்டிப்போகாதீர்கள், சட்டென்று எழுந்து நிற்பது ஆபத்து. ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இரண்டாவது டோஸ். அடங்கிய பிறகு சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவதும் உண்டு, ஆம்புலன்ஸில் போகச் சொல்வது அதற்காகவும்தான். தேவையில்லாமல் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். குழந்தைக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். போடாமல் விடுவதுதான் பயப்பட வேண்டியது.

மகன் வாய்வழிப் பழக்கச் சிகிச்சையில் இருந்தால், அதாவது தினமும் நிலக்கடலை மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை, அன்றைய டோஸை எப்போது கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டோஸ் எடுத்தவுடன் ஓடியாடினால் எதிர்வினை வரலாம், ஹாலோவீன் இரவோ முழுக்க ஓட்டம். 2024 பிப்ரவரியில் உணவு ஒவ்வாமைக்கு அனுமதி பெற்ற சோலேர் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைகளும் அதே உணவைத் தவிர்த்தே ஆக வேண்டும். தவறிப்போய் வயிற்றுக்குள் போகும் சிறு அளவுக்கு மட்டும்தான் அது பாதுகாப்பு.

பள்ளியில் ஊர்வலத்தைவிட வகுப்பு விருந்துதான் கவலை. வகுப்பாசிரியருக்கும் பள்ளிச் செவிலியருக்கும் இப்போதே எழுதுங்கள். என்ன உணவு வருகிறது, யார் கொண்டுவருகிறார்கள், உறை இல்லாத வீட்டுப் பண்டம் உண்டா என்று கேளுங்கள். வீட்டில் சுட்ட கப்கேக் என்றால், அதைச் செய்த அம்மா என்ன சொன்னாலும் அவனுக்கு வேண்டாம். முட்டை இல்லாத கப்கேக் கிடைப்பதே அரிது, கடலை வெண்ணெய் தடவிய அதே கரண்டி மாவிலும் போயிருக்கலாம். அவனுக்கென்று ஒரு டப்பா ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள். 1973-ஆம் வருட மறுவாழ்வுச் சட்டத்தின் (ரிஹாபிலிடேஷன் ஆக்ட்) 504-ஆம் பிரிவின் கீழ் பள்ளியோடு எழுத்துப்பூர்வமாக ஒரு திட்டம் போட்டுக்கொள்ள முடியும், ஒவ்வாமைக்கும் அது செல்லும். ஹாலோவீன் முடிந்த பிறகாவது அதைத் தொடங்குங்கள்.

இனி மிட்டாய் வீட்டுக்கு வந்த பிறகு. கை கழுவியதும் எல்லாவற்றையும் மேஜையில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள்: ஆகும், ஆகாது, தெரியாது. தெரியாததை ஆகாததோடு சேர்த்துவிடுங்கள். பிரிக்கும் வேலையை அவனிடமே விட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஆறு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். 'பீநட்', 'கேஷ்யூ', 'எக்' மூன்று சொல்லையும் கண்டுபிடிப்பது அவனுக்கு விளையாட்டாகவே இருக்கும், வளர்ந்த பிறகு தனியாகப் போகும் நாளுக்கு அது பழக்கமும் ஆகும். ஆகாததைச் சும்மா பிடுங்கிக்கொள்ளாதீர்கள். விலை கொடுத்து வாங்குங்கள்: பத்துக்கு ஒரு புத்தகம், இருபதுக்கு ஒரு லெகோ என்று முன்கூட்டியே பேசி வைத்தால், கிடைத்தது தனக்கு ஆகாதது என்று தெரிந்தும் சந்தோஷமாகவே பையில் போட்டுக்கொள்வான். தம்பி தங்கை இருந்தால் அவர்கள் பங்கையும் அதே மேஜையில் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் சோஃபா இடுக்கில் ரீஸஸ் உறை கிடக்கும்.

ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருந்தால் அவர்களிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். 'எங்க காலத்துல இதெல்லாம் ஏது, ஒரு துண்டு தின்னா என்ன ஆகப்போகுது' என்று சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. முந்திரி தின்று பேரன் மருத்துவமனை போனபோது அவர்கள் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். பயிற்சி ஊசியை அவர்கள் கையில் கொடுத்து ஒரு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். கையில் பிடித்துச் செய்து பார்த்த பாட்டி, அப்புறம் உங்களைவிடக் கண்டிப்பானவராகிவிடுவார். தீபாவளி சில வருடங்களில் ஹாலோவீனை ஒட்டியே வரும். 2024-இல் இரண்டும் அக்டோபர் 31 அன்றே வந்தன. அப்படி வரும் வருடம் முந்திரி பர்பியும் ஹாலோவீன் மிட்டாயும் ஒரே மேஜையில் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைப் பலகாரப் பெட்டியில் பெரும்பாலும் பொருள் பட்டியலே இருக்காது.

கடைசியாக நவம்பர் முதல் வாரம். எல்லாக் குழந்தைகளும் மிச்ச மிட்டாயை மதிய உணவுப் பையில் எடுத்துவந்து மாற்றிக்கொள்வார்கள். பேருந்திலும் நடக்கும். தெருவுக்குச் சொன்ன விதியை அந்த வாரம் பள்ளிக்கும் பேருந்துக்கும் நீட்டி, 'வீட்டிலிருந்து கொண்டுபோனதை மட்டும்' என்று சொல்லி அனுப்புங்கள். அவனுக்கு ஆகும் மிட்டாயாக ஒன்றிரண்டு கூடுதலாகவே வைத்துவிடுங்கள், நண்பனுக்கும் கொடுக்க. நவம்பர் 1 முதல் கடைகளில் ஹாலோவீன் மிட்டாய் பாதி விலைக்கு வரும். பெரிய பையாகவே, முழு லேபிளோடு கிடைக்கும். இரவில் அவன் ஆசைப்பட்டு 'தெரியாது' பக்கம் போனது ஏதாவது இருந்தால், அதே மிட்டாயின் பையை எடுத்துக் கடையிலேயே நின்று இரண்டு பேருமாகப் படித்துப் பாருங்கள்.